உளவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்

உளவியல் ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்புவது இன்று ஓர் இணையப் படிவத்தில் தொடங்குகிறது. எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன் போன்ற மென்பொருள்கள் வழியாகத்தான் பெரும்பாலான இதழ்கள் கட்டுரைகளை வாங்குகின்றன. தலைப்பு, சுருக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றோடு படிவம் நிற்பதில்லை. நெறிமுறைக் குழு அனுமதி தந்ததா, ஆய்வுத் திட்டம் முன்கூட்டியே பதிவானதா, தரவு எங்கே இருக்கிறது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்று எப்படி முடிவானது, கட்டுரையாளர்களில் யார் எந்த வேலையைச் செய்தார் என்று கேட்டுக்கொண்டே போகும். முதன்முறை அனுப்பும் ஆராய்ச்சி மாணவருக்கு இது வெறும் அலுவலகச் சடங்காகத் தெரியலாம். ஆனால் இவற்றில் பல கேள்விகள் 2011க்குப் பிறகு சேர்ந்தவை. துறை பட்ட அடிகளிலிருந்து பிறந்தவை. அந்தக் கதை தெரிந்தவர் ஆய்வைத் தொடங்கும் நாளிலிருந்தே பதில்களைத் தயார் செய்கிறார். தெரியாதவர் எல்லாம் முடிந்த பிறகு படிவத்தின் முன்னால் விழிக்கிறார்.

2011இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேரில் பெம், ஜர்னல் ஆஃப் பெர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜி என்ற முன்னணி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இனி நடக்கப்போவதை மனம் முன்கூட்டியே உணர்கிறது என்பது அதன் வாதம். ஒன்பது சோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள், வழக்கமான புள்ளியியல், முறையான மதிப்பாய்வு என எதிலும் குறை வைக்கவில்லை. பிரிட்டனில் மூன்று ஆய்வாளர்கள் அவற்றில் ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த முடிவை அதே இதழுக்கு அனுப்பினார்கள். மறு ஆய்வுகளை வெளியிடுவதில்லை என்று இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 2012இல் அது பிளாஸ் ஒன் இதழில் வந்தது.

அதே 2011இல் ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் மூவரும் சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை துறையை உலுக்கியது. ஒரு பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை வருடம் குறைந்துவிட்டதாக அவர்கள் முறைப்படி ‘நிரூபித்து’க் காட்டினார்கள். பாட்டுக் கேட்டால் வயது குறையாது என்பது எல்லோருக்கும் தெரியும். பல அளவுகளை எடுத்து, சாதகமானதை மட்டும் சொல்லி, முடிவைப் பார்த்துக்கொண்டே ஆட்களைச் சேர்த்தால் எதையும் நிரூபித்துவிடலாம் என்பதைக் காட்டத்தான் அந்த ஏற்பாடு. அப்படிப்பட்ட நான்கு சலுகைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டால், இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேலே ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீடரிக் ஸ்டாப்பெல் தரவையே கற்பனை செய்து எழுதி வந்தது வெளிப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவருடைய 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

உளவியலாளர் பிரையன் நோசெக் தலைமையில் சுமார் 270 ஆய்வாளர்கள் கூடி, முன்னணி இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதமே தேறின. படிவம் நீண்டதற்குக் காரணம் இந்த நான்கைந்து ஆண்டுகள்.

ஆகவே கட்டுரை அனுப்பும் வேலை, முதல் பங்கேற்பாளரைச் சந்திப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில் நெறிமுறை அனுமதி. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் இது வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் உடல்நலம் சார்ந்த சமூக, நடத்தை ஆய்வுகளையும் உள்ளடக்கியவை. வினாத்தாள்தானே, ஊசியா போடுகிறோம் என்று அனுமதி வாங்காமல் தரவு சேகரித்தவருக்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நல்ல இதழ் அந்தக் கட்டுரையை உள்ளேயே எடுக்காது.

அடுத்தது முன்பதிவு. கருதுகோள் என்ன, எத்தனை பேர், யாரை விலக்குவது, எந்தப் பகுப்பாய்வு என்பதை ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் (ஓஎஸ்எஃப்) அல்லது ஆஸ்பிரிடிக்டட் தளத்தில் தேதியோடு எழுதி வைத்துவிடுவதுதான் அது. கட்டணம் இல்லை. இதையும் தாண்டியது ரிஜிஸ்டர்டு ரிப்போர்ட். உளவியலாளர் கிறிஸ் சேம்பர்ஸ் முன்னின்று 2013இல் கார்டெக்ஸ் இதழில் தொடங்கிய முறை இது. ஆய்வைச் செய்வதற்கு முன்பே அறிமுகத்தையும் முறையையும் மட்டும் அனுப்ப வேண்டும். மதிப்பாய்வாளர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்தபின் இதழ் கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளும். முடிவு எப்படி வந்தாலும் கட்டுரை வெளியாகும். இதன் விளைவு பெரியது. 2021இல் வந்த ஓர் ஒப்பீட்டில், வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 சதவீதம் முதல் கருதுகோளை உறுதி செய்திருந்தன. ரிஜிஸ்டர்டு ரிப்போர்ட்டுகளில் 44 சதவீதமே. கருதுகோள் தவறிப்போகும் என்ற பயத்தோடு ஆய்வு செய்யும் மாணவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

எந்த இதழுக்கு அனுப்புவது என்ற கேள்வியில்தான் நிறைய கட்டுரைகள் வீணாகின்றன. சைக்கலாஜிக்கல் புல்லட்டின் முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரைகளுக்கானது. ஒரு தனிச் சோதனையை அதற்கு அனுப்பினால் ஒரே நாளில்கூடத் திரும்பி வரலாம். சைக்கலாஜிக்கல் ரிவியூ கோட்பாட்டுக்கானது. 1894இல் தொடங்கிய இதழ், இன்றும் அந்த அடையாளத்தோடு இருக்கிறது. ஜர்னல் ஆஃப் பெர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜி ஒரே பெயரில் மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. மனப்பாங்கும் சமூக அறிதலும் ஒன்று, உறவுகளும் குழுக்களும் இன்னொன்று, ஆளுமை மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர். பிரிவை மாற்றி அனுப்பினாலும் காலம் போகும். இதழின் நோக்கக் குறிப்பைப் படிப்பதோடு நிறுத்தாமல், அதன் கடைசி சில இதழ்களைப் புரட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. கட்டுரை மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் ஒன்றுகூட அந்த இதழில் வந்திருக்கவில்லை என்றால் இடம் பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

இதழ் என்ற பெயரில் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். வாரத்துக்குள் வெளியீடு, மதிப்பாய்வு உறுதி, கட்டணம் உடனே என்று மின்னஞ்சல் அனுப்புகிறவர்களிடம் இந்திய ஆராய்ச்சி மாணவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள். அதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பிஎச்டி ஆய்வேட்டைத் தருவதற்கு முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிதான் அந்தச் சந்தைக்குத் தீனி போட்டது. 2022ஆம் ஆண்டின் விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. நல்ல இதழ்களைப் பட்டியலிட 2018இல் அறிவிக்கப்பட்ட யுஜிசி கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. ஆகவே இதழை எடைபோடும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்களின் மேலும் கட்டுரையாளரின் மேலும் விழுந்திருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

ஒரு கட்டுரை ஒரு நேரத்தில் ஓர் இதழில் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு இடத்துக்கு ஒன்றாக அனுப்பிவிட்டு முதலில் ஏற்றுக்கொள்வதை எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்தத் துறையில் கடுமையான குற்றம்.

வடிவத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான உளவியல் இதழ்கள் அமெரிக்க உளவியல் சங்கமான ஏபிஏவின் நடையைக் கேட்கின்றன. 1929இல் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் இதழில் ஏழு பக்கக் குறிப்பாக வந்தது இன்று தனிப் புத்தகமாக வளர்ந்திருக்கிறது. 2019 அக்டோபரில் வந்தது ஏழாம் பதிப்பு. சோதனைக் கட்டுரைகளின் வரிசை அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம். சுருக்கம் ஏபிஏ இதழ்களில் வழக்கமாக 250 சொற்களுக்குள், சைக்கலாஜிக்கல் சயின்ஸில் 150. மேற்கோள் பட்டியலை ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளிடம் விட்டுவிடலாம், கடைசியில் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தால் போதும்.

கவனத்தைக் கொட்ட வேண்டிய இடம் முறைப் பகுதி. வேறொரு ஊரில் இருக்கும் ஆய்வாளர் இதைப் படித்து அதே ஆய்வைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். பாட்டுச் சோதனை செய்த மூவரும் 2012இல் ஆங்கிலத்தில் 21 சொற்களில் அடங்கும் ஒரு வாக்கியத்தை எல்லாக் கட்டுரையிலும் சேர்க்கச் சொன்னார்கள். மாதிரியின் அளவை எப்படி முடிவு செய்தோம், யாரையெல்லாம் விலக்கினோம், என்னென்ன மாற்றிப் பார்த்தோம், எதையெல்லாம் அளந்தோம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்பதே அதன் சாரம். அதைப் பொய்யில்லாமல் எழுத முடிகிறதா என்பது கட்டுரையாளர் தனக்கே வைத்துக்கொள்ளும் பரீட்சை. 240 பேரிடம் வினாத்தாள் கொடுத்து 31 பேரை விலக்கியிருந்தால், 209 பேர் என்று மட்டும் எழுதுவது போதாது. 31 பேரும் ஏன் போனார்கள், அந்த முடிவு தரவைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா என்பது வர வேண்டும்.

தமிழில் ஆய்வு செய்கிறவருக்கு இங்கே கூடுதல் வேலை இருக்கிறது. ஆங்கில அளவுகோலைத் தமிழாக்கிப் பயன்படுத்தினால், அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்கப்பட்டதா, இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிட்டாரா, தமிழ்ப் பங்கேற்பாளர்களிடம் அதன் நம்பகத்தன்மை என்ன என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். மூல அளவுகோலின் நம்பகத்தன்மை எண்ணை அப்படியே எடுத்து எழுதுவது நம் ஆய்வேடுகளில் அடிக்கடி காணப்படும் பலவீனம். வேலூரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அந்தக் கேள்விகளை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அந்த எண் சாட்சி சொல்லாது.

அதே சமயம், இந்தியாவில் மட்டும் செய்த ஆய்வு மற்றவர்களுக்குப் பொருந்துமா என்று மதிப்பாய்வாளர் கேட்டால் குறுகிப்போக வேண்டியதில்லை. ஏபிஏ இதழ்கள் ஆறினை ஜெஃப்ரி ஆர்னெட் ஆராய்ந்து 2008இல் எழுதியபோது, பங்கேற்பாளர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்கள், 96 சதவீதம் மேற்கத்தியத் தொழில்மய நாட்டினர் என்று தெரியவந்தது. உலகத்தைப் பற்றிப் பேசிய துறை, உலகின் சிறு பகுதியையே பார்த்திருந்தது. இப்போது பல இதழ்கள், முடிவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எல்லாக் கட்டுரையாளர்களிடமும் கேட்கின்றன. கேள்வி மிச்சிகனுக்கும் மதுரைக்கும் பொதுவாகும்போதுதான் அது நியாயமான கேள்வி.

முடிவுகள் பகுதியில் எண்கள் பேச வேண்டும். பி மதிப்பு .05க்குக் கீழே என்று மட்டும் எழுதும் காலம் போய்விட்டது. .031 என்றால் .031 என்றே எழுத வேண்டும், விளைவின் அளவையும் நம்பக இடைவெளியையும் உடன் தர வேண்டும். இந்த எண்களைக் கணினி சரிபார்க்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டாட்செக் என்ற நிரல், கட்டுரையில் உள்ள சோதனை மதிப்பையும் கட்டின்மை எண்ணையும் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) எடுத்து பி மதிப்பைத் தானே கணக்கிட்டு ஒப்பிடும். எட்டு உளவியல் இதழ்களில் 1985 முதல் 2013 வரை வந்த கட்டுரைகளை அதில் ஓட்டிப் பார்த்தபோது, பாதிக் கட்டுரைகளில் குறைந்தது ஓர் எண்ணாவது பொருந்தவில்லை. எட்டில் ஒன்றில் முடிவையே மாற்றக்கூடிய பிழை இருந்தது. இந்த நிரலை உருவாக்கியவர்களில் ஒருவர், ஸ்டாப்பெல் வேலை பார்த்த அதே டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சோதனைக்குக் கணினியும் வேண்டாம். நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் உருவாக்கிய கிரிம் சோதனை அது. 25 பேர் ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவில் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கொள்வோம். கூட்டுத்தொகை முழு எண்ணாகத்தான் இருக்கும். 86 என்றால் சராசரி 3.44, 87 என்றால் 3.48. நடுவில் எதுவும் வர வழியில்லை. கட்டுரையில் 3.47 என்று இருந்தால், எண் தவறாக அடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஆட்கள் எண்ணிக்கை தவறு, அல்லது அதைவிட மோசமானது. அனுப்புவதற்கு முன் கட்டுரையாளரே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மதிப்பாய்வாளர் போட்டுக் காட்டும்போது விளக்கம் சொல்வது கஷ்டம்.

தரவைப் பகிர்வதும் இப்போது கௌரவப் பிரச்சினை இல்லை. சைக்கலாஜிக்கல் சயின்ஸ் 2014இல், தரவைத் திறந்து வைத்தவர்களின் கட்டுரைக்கு ஒரு சிறு முத்திரை தரத் தொடங்கியது. அதுவரை 3 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த தரவுப் பகிர்வு, ஒன்றரை ஆண்டுக்குள் 39 சதவீதத்துக்கு ஏறியது. சிமின் வஸீர் ஆசிரியரான 2024 முதல் அங்கே பகிர்வதே விதி, முடியாதவர்தான் காரணம் சொல்ல வேண்டும். பங்கேற்பாளர்களிடம் ஒப்புதல் வாங்கும் படிவத்திலேயே, பெயர் நீக்கிய தரவு பொதுவில் வைக்கப்படும் என்ற வரி இருந்தால் பின்னால் சிக்கல் வராது.

விவாதப் பகுதியில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. முடிவைப் பார்த்த பிறகு அதற்கேற்ற கருதுகோளை எழுதி, முதலிலிருந்தே அதைத்தான் நினைத்தோம் என்று காட்டுவது. நார்பர்ட் கெர் 1998இலேயே இதற்குப் பெயர் வைத்துக் கண்டித்தார். எதிர்பாராத முடிவு வந்தால் எதிர்பாராதது என்றே எழுதலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை.

பல உளவியல் இதழ்களில் மதிப்பாய்வாளருக்குக் கட்டுரையாளர் யார் என்று தெரியக்கூடாது. இதன் அருமை 1982இல் வெளியான ஓர் ஆய்வால் புரியும். டக்ளஸ் பீட்டர்ஸும் ஸ்டீஃபன் சீசியும், புகழ்பெற்ற அமெரிக்க உளவியல் துறைகளிலிருந்து வந்து ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, பெயரையும் நிறுவனத்தையும் கேள்விப்படாத பெயர்களாக மாற்றி, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்கே மீண்டும் அனுப்பினார்கள். மூன்று மட்டுமே பிடிபட்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன. பழைய கட்டுரை என்பதற்காக இல்லை, ஆய்வு முறையில் பெரிய குறைகள் இருக்கின்றன என்பதற்காக. பெயர் பெறாத ஊரிலிருந்து அனுப்புகிறவருக்குப் பெயர் மறைப்பு ஒரு பாதுகாப்பு, அதைத் தன் கையாலேயே கெடுத்துக்கொள்ளக் கூடாது. தலைப்புப் பக்கம் தனிக் கோப்பாகப் போக வேண்டும். நன்றியுரை, கல்லூரிப் பெயர், அனுமதி எண்ணில் உள்ள நிறுவனப் பெயர், வேர்ட் கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். முந்தைய சொந்த ஆய்வைப் பற்றி ‘எங்கள் ஆய்வில்’ என்று எழுதாமல் மூன்றாம் நபரின் ஆய்வைப்போல எழுத வேண்டும்.

கவர் லெட்டர் ஒரு பக்கம் போதும். கேள்வி என்ன, கண்டது என்ன, இந்த இதழின் வாசகருக்கு ஏன் வேண்டும், வேறெங்கும் அனுப்பப்படவில்லை என்ற உறுதி. இதழாசிரியரைப் புகழ வேண்டியதில்லை.

அனுப்பியதும் முதல் சல்லடை ஆசிரியரின் மேசை. மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்புவதை டெஸ்க் ரிஜெக்ட் என்பார்கள். பெரிய இதழ்களில் மிகச் சாதாரணம், சீக்கிரம் வருவதால் ஒருவகையில் உபகாரமும்கூட. தாண்டினால் இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்களிடம் போகும். அவர்கள் சம்பளம் இல்லாமல் பார்ப்பவர்கள். மாதக்கணக்கில் ஆகும். நான்கு மாதம் போல் கழிந்தும் தகவல் இல்லையென்றால் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் தவறில்லை.

முதல் சுற்றிலேயே அப்படியே ஏற்கப்படும் கட்டுரை அபூர்வம். பெரிய திருத்தம் வேண்டும் என்று வரும் கடிதம் நல்ல செய்தி, அதை நிராகரிப்பாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். திருத்தத்தோடு போகும் பதில் கடிதம் கட்டுரைக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து வைத்து, அதற்குக் கீழே என்ன செய்தோம், எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுத வேண்டும். மாதிரி சிறியது என்று ஒருவர் சொல்லியிருந்தால், ‘குறிப்புக்கு நன்றி, கவனத்தில் கொண்டோம்’ என்பது பதில் ஆகாது. ‘இந்த மாதிரி நடுத்தர அளவு விளைவைக் கண்டுபிடிக்கும், சிறிய விளைவைத் தவறவிடக்கூடும். இதை 14ஆம் பக்கத்தில் சேர்த்து, சுருக்கத்தில் இருந்த உறுதியான வாக்கியத்தையும் தளர்த்தியிருக்கிறோம்’ என்பது பதில். மதிப்பாய்வாளர் தவறாகச் சொன்னால் மறுக்கலாம். சான்றோடு, கோபமில்லாமல் மறுப்பவரை ஆசிரியர்கள் மதிக்கிறார்கள். இரண்டு மதிப்பாய்வாளர்கள் எதிரெதிராகச் சொன்னால், அதை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, எந்தப் பக்கம் போனோம், ஏன் என்று ஆசிரியருக்கு விளக்கிவிட வேண்டும்.

ஏற்கப்பட்ட பின் அச்சுப்படி ஓரிரு நாள் கெடுவோடு வரும். அட்டவணைகளையும் பெயர்களையும் எண் எண்ணாக, எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டியது அப்போதுதான். கட்டணம் கட்டினால்தான் எல்லோரும் படிக்கலாம் என்று இதழ் சொன்னால் பதற வேண்டாம். ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியைக் கட்டணமின்றிப் பொதுவில் வைக்கப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன.

நிராகரிக்கப்பட்டால் அந்தக் குறிப்புகளைக் கொண்டு திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும். எலிகள் சுவையையும் வயிற்றுக் கோளாறையும் தொடர்புபடுத்திக் கற்கின்றன என்று காட்டிய உளவியலாளர் ஜான் கார்சியாவின் ஆய்வைப் பெரிய இதழ்கள் ஏற்கவில்லை. 1966இல் சைக்கனாமிக் சயின்ஸ் என்ற சிறிய இதழில் வந்தது. இன்று அது உளவியல் பாடநூல்கள் பலவற்றில் இருக்கிறது. 1979இல் ஏபிஏவே அவருக்கு விருது தந்தது.

கருதுகோள் பொய்த்துப்போன ஆய்வுகள்தான் பெரும்பாலும் எங்கும் போகாமல் நின்றுவிடுகின்றன. இழுப்பறைக்குள் போய்விடும் அந்த ஆய்வுகளைப் பற்றி ராபர்ட் ரோசென்தால் 1979இலேயே எச்சரித்தார். வெளிவந்தவற்றை மட்டும் படிக்கும் துறை, இல்லாத விளைவை இருப்பதாக நம்பிக்கொண்டே இருக்கும். 2016 முதல் இயங்கும் சைஆர்க்கைவ் தளத்தில் உளவியல் கட்டுரைகளைக் கட்டணமில்லாமல் வைக்கலாம். பெரும்பாலான உளவியல் இதழ்கள் அதை முந்தைய வெளியீடாகக் கருதுவதில்லை. விளைவு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக முடித்த ஆய்வை மூட்டை கட்டி வைத்திருக்கும் தமிழ் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் அதை எழுதி அங்கே ஏற்றுங்கள், பிறகு இதழைத் தேடுங்கள்.